மூட்டைக்குள் இருக்கும் மின்சாரம்

கர்நாடகத்தின் மேல்கோட்டை மலைக்குத் தெற்கே, நேர்கோட்டில் அளந்தால் 30 கிலோமீட்டர் அளவில், கிருஷ்ணராஜசாகர் அணையை ஒட்டி பெலகொலா என்றொரு ஊர் இருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கி, அதிலிருந்து உரம் செய்யும் தொழில் இந்தியாவில் முதலில் கால் ஊன்றிய இடம் இதுதான். மிர்சா இஸ்மாயில் மைசூரின் திவானாக இருந்த காலத்தில், 1930களின் பிற்பகுதியில், மைசூர் கெமிக்கல்ஸ் அண்டு ஃபர்டிலைசர்ஸ் நிறுவனம் இங்கே ஆலையை எழுப்பியது. நாளுக்குச் சில டன் அம்மோனியா மட்டுமே தந்த சிறிய ஆலை அது. பிறகு உர ஆலைகள் வந்த ஆலுவாவும் சிந்திரியும் பாடநூல்களில் இடம்பிடித்துக்கொண்டன. பெலகொலாவை மறந்துவிட்டோம்.

அந்த ஆலை மைசூரில் எழுந்தது தற்செயல் என்று சொல்ல முடியாது. 1902-லேயே சிவசமுத்திரத்தில் காவிரியை மின்சாரமாக்கி, 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து கோலார் தங்கவயலுக்குக் கொண்டுபோன சமஸ்தானம் அது. 1911-ல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகர் வேலை 1930களின் தொடக்கத்தில் முடிந்தபோது கால்வாய் வந்தது, மண்டியாவில் கரும்பு வந்தது, 1933-ல் சர்க்கரை ஆலை வந்தது. கரும்புக்குத் தழைச்சத்து வேண்டும். தண்ணீர், மின்சாரம், உரம் மூன்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்த நிர்வாகம் அது. அந்தப் பார்வை இன்று நம் அரசுகளிடம் இல்லை என்பதுதான் என் கவலை. பசுமை அம்மோனியா பற்றி இப்போது நடக்கும் பேச்சில் மின்சாரத்தை ஓர் அமைச்சகமும், உரத்தை இன்னொரு அமைச்சகமும், ஏற்றுமதியை மூன்றாவது அமைச்சகமும் பார்க்கின்றன. வயலை யாரும் பார்ப்பதில்லை.

அம்மோனியா என்பது ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது. நைட்ரஜனுக்குப் பஞ்சமில்லை. நாம் மூச்சுவிடும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருப்பதால் செடியால் அதைத் தொட முடியாது. கோதுமை விளையும் நாடுகள் தழைச்சத்து இல்லாமல் பட்டினியை நோக்கிப் போகின்றன என்று வில்லியம் குரூக்ஸ் 1898-ல் பிரிஸ்டலில் எச்சரித்தார். 1909-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் ஃபிரிட்ஸ் ஹேபர் அந்தப் பிடியை அவிழ்த்துக் காட்டினார். கார்ல் போஷ் அதை 1913-ல் ஓப்பாவில் தொழிற்சாலையாக்கினார். இரும்பு வினையூக்கி, 400 டிகிரிக்கு மேல் வெப்பம், நூறு, இருநூறு மடங்கு காற்றழுத்தம். நூறாண்டுக்குப் பிறகும் அடிப்படை மாறவில்லை.

சிக்கல் எப்போதும் ஹைட்ரஜனில்தான். அது தனியாகக் கிடைப்பதில்லை, எதிலிருந்தாவது பிரித்தெடுக்க வேண்டும். இன்று உலகம் அதைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து பிரிக்கிறது. சீனா நிலக்கரியிலிருந்து பிரிக்கிறது. எரிவாயுவை 800 டிகிரிக்கு மேல் நீராவியோடு சேர்த்தால் ஹைட்ரஜன் பிரியும். கூடவே கரியமில வாயு பிரியும். ஒரு டன் அம்மோனியாவுக்கு ஏறக்குறைய இரண்டு டன் கரியமில வாயு என்பது எரிவாயுக் கணக்கு. நிலக்கரியானால் அதைவிட மிக அதிகம். உலகின் ஆண்டு உற்பத்தி சுமார் 18 கோடி டன். மனிதர்கள் செலவிடும் மொத்த ஆற்றலில் 2 சதவீதம் இந்த ஒரே பொருளுக்குப் போகிறது என்று சர்வதேச ஆற்றல் முகமை 2021-ல் கணக்கிட்டது.

இதற்கு மாற்று, தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி ஹைட்ரஜனைப் பிரிப்பது. பள்ளிக்கூடத்து மின்னாற்பகுப்புதான். அதைத்தான் இன்று காற்றாலையோடும் சூரியத் தகடோடும் இணைத்துப் பசுமை அம்மோனியா என்று பெயரிட்டு, புத்தம்புதிய கண்டுபிடிப்பாகப் பேசுகிறார்கள். அது புதிதல்ல. நார்வேயின் ரியூக்கான் 1920களின் கடைசியிலேயே அருவி மின்சாரத்தில் ஹைட்ரஜன் பிரித்து அம்மோனியா செய்தது. எகிப்தின் அஸ்வான் செய்தது. பெரு நாட்டில் குஸ்கோ நகரை ஒட்டிய கச்சிமாயோவில் 1960களில் தொடங்கியது. நம் நாட்டிலும் செய்தோம், அதுவும் உலகின் மிகப் பெரிய அளவுகளில் ஒன்றாக. அந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முன் தெற்கில் இன்னொரு நிறுத்தம். திருச்சியின் சேஷசாயி சகோதரர்கள் முன்னின்று, திவான் சி.பி. ராமசாமி ஐயர் காலத்துத் திருவிதாங்கூரில் தொடங்கிய ஃபேக்ட் நிறுவனம், ஆலுவாவில் 1947-ல் உற்பத்திக்கு வந்தது. நிலக்கரி கிடைக்காத மண் அது. எண்ணெயும் இல்லை. எனவே விறகை வாயுவாக்கி அதிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தார்கள். மீண்டும் வளரும் பொருள் என்ற இன்றைய இலக்கணப்படி பார்த்தால் மரமும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல்தான். ஆனால் வெட்டப்பட்ட வேகத்தில் காடு வளரவில்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பில் கிடைக்கும் நாஃப்தா வந்ததும் விறகு விடைபெற்றது. புதுப்பிக்கத்தக்கது என்ற முத்திரை மட்டுமே ஒரு பொருளை நல்லதாக்கிவிடாது. அந்த ஆற்றல் எங்கிருந்து எடுக்கப்படுகிறது, அதை எடுத்ததால் வேறு எது குறைகிறது என்றும் கேட்க வேண்டும்.

இனி நங்கல். பஞ்சாபில், சட்லெஜ் ஆற்றில், பக்ரா அணைக்குக் கீழே இருக்கும் ஊர். பக்ரா மின்சாரம் வெளிவரத் தொடங்கிய காலத்தில், அவ்வளவையும் வாங்கிக்கொள்ள வீடுகளோ ஆலைகளோ அந்த வட்டாரத்தில் போதுமான அளவு இல்லை. மீதமாகும் மின்சாரத்தை உரமாக்கலாம் என்று முடிவானது. 1961-ல் ஆலை ஓடத் தொடங்கியது. இத்தாலியின் டி நோரா நிறுவனத்தின் மின்னாற்பகுப்புக் கலங்கள் மணிக்குச் சுமார் 30,000 கன மீட்டர் ஹைட்ரஜன் தரும் அளவுக்கு வரிசையாக நின்றன. கணக்குப் போட்டால், அது நாளுக்கு 350 டன்னுக்குக் குறையாத அம்மோனியாவுக்குப் போதும். அதற்கு இடைவிடாமல் ஏறத்தாழ 150 மெகாவாட் மின்சாரம் வேண்டும். இன்று இந்தியாவில் பெருமையோடு அறிவிக்கப்படும் பல பசுமை ஹைட்ரஜன் சோதனை ஆலைகள் இதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ராஜஸ்தானின் பிகானேரில் ஆக்மி நிறுவனம் 2021-ல் தொடங்கிய சூரிய அம்மோனியா ஆலையின் அளவு நாளுக்கு 5 டன். அறுபது ஆண்டுக்கு முன் நங்கல் எட்டியதோடு இதை வைத்துப் பாருங்கள்.

நங்கலுக்கு இரண்டாவது நோக்கமும் இருந்தது. தண்ணீரை மீண்டும் மீண்டும் மின்னாற்பகுப்பு செய்தால் மிஞ்சும் நீரில், அணு உலைக்குப் பயன்படும் கனநீர் செறியும். நாட்டின் முதல் கனநீர் ஆலை 1962-ல் அங்கேதான் வந்தது, ஆண்டுக்கு 14 டன் திறனோடு. ரியூக்கானிலும் இதே கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் அந்த ஊர் குறிவைக்கப்பட்டது உரத்துக்காக அல்ல, கனநீருக்காக. நம் தூத்துக்குடியிலும் பிற்காலத்தில் ஸ்பிக் ஆலையின் அம்மோனியாவோடு இணைத்துத்தான் கனநீர் ஆலை கட்டினார்கள். உரமும் அணுசக்தியும் இந்த நாட்டில் ஒரே குழாயில் இணைந்திருந்தன என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

நங்கல் யூரியா செய்யவில்லை, கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் செய்தது. இதன் முக்கியத்துவம் பின்னால் வரும். இப்போது கேட்க வேண்டியது, அந்த ஆலை ஏன் மாறியது என்பது. வேதியியல் தோற்கவில்லை. கலங்கள் நன்றாகவே வேலை செய்தன. மின்சாரம்தான் கைவிட்டுப் போனது. 1960களின் நடுவில் பசுமைப் புரட்சி தொடங்கியது. குட்டைக் கோதுமைக்கு உரமும் வேண்டும், குறித்த நாளில் தண்ணீரும் வேண்டும். பஞ்சாப் முழுக்கக் குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. ஒவ்வொன்றும் மோட்டார் ஓட மின்சாரம் கேட்டது. நகரங்கள் கேட்டன. ஆலைகள் கேட்டன. மழை குறைந்த ஆண்டுகளில் அணையும் வற்றியது. மின்வெட்டு வந்தால் முதலில் கைவைக்கப்படுவது, ஒரே இடத்தில் இருந்துகொண்டு மொத்தமாக மின்சாரம் தின்னும் உர ஆலையில்தான். எந்த அமைச்சருக்கும் உழவனின் மோட்டாரை நிறுத்துவதைவிட ஆலையை நிறுத்துவது எளிது. 1978-ல் நங்கல் விரிவாக்கப்பட்டபோது புதிய பகுதி எரி எண்ணெயை நம்பி வந்தது, யூரியா செய்தது. 2013 வாக்கில் அதுவும் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. தண்ணீரில் தொடங்கி, எண்ணெய்க்குப் போய், எரிவாயுவில் நின்றது.

பசுமை அம்மோனியா பற்றி முடிவெடுக்கும் எல்லோரும் நங்கலைப் படிக்க வேண்டும் என்பேன். ஆலையைக் கட்டுவதில் இல்லை சிரமம். இருபது, முப்பது ஆண்டுகள் அதற்கென்று மின்சாரத்தை விட்டுவைப்பதில்தான் சிரமம். பொது மின்தொகுப்பிலிருந்து எடுத்தால், பற்றாக்குறை வரும் நாளில் அரசியல் அதைப் பிடுங்கிக்கொள்ளும். பிடுங்காமல் விட்டால் இன்னொரு அநியாயம் நடக்கும். ஆலை ஒரு யூனிட் எடுக்கும்போது, வேறெங்கோ ஒரு யூனிட் குறையும், அதை நிலக்கரி நிலையம் ஈடுகட்டும். நிலக்கரி மின்சாரத்தில் பிரித்த ஹைட்ரஜன், எரிவாயுவில் பிரித்ததைவிட அதிகக் கரியைக் காற்றில் கொட்டும். எனவே புதிதாகக் கட்டிய சூரிய, காற்று மின்நிலையம், அந்த ஆலைக்கென்றே, ஆலை ஓடும் அதே மணிநேரத்தில் தரும் மின்சாரம் என்ற நிபந்தனை வேண்டும். ஆண்டு முடிவில் கூட்டிக் கழித்துச் சரிக்கட்டும் கணக்குகளை ஏற்கக்கூடாது.

எவ்வளவு மின்சாரம் என்பதை ஒரு மூட்டையில் வைத்துப் பார்க்கலாம். உழவர் வாங்கும் வேப்பெண்ணெய் பூசிய யூரியா மூட்டை 45 கிலோ. அதில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது ஏறக்குறைய 21 கிலோ. அதைத் தர 26 கிலோ அம்மோனியா வேண்டும். அந்த 26 கிலோவுக்குள் நாலரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான ஹைட்ரஜன் இருக்கிறது. தண்ணீரிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரிப்பது, வாயுவை அழுத்துவது, சுற்றுக்கு விடுவது எல்லாம் சேர்த்தால் மூட்டைக்கு 250 யூனிட்டுக்கு மேல் வருகிறது. கர்நாடக அரசு க்ருஹ ஜோதி திட்டத்தில் ஒரு வீட்டுக்கு மாதம் இலவசமாகத் தரும் உச்சவரம்பு 200 யூனிட். மேல்கோட்டையில் ஒரு குடும்பம் விளக்கு, விசிறி, மிக்சி என்று ஒரு மாதம் பயன்படுத்தக்கூடிய மின்சாரத்தைவிட அதிகம், ஏக்கருக்கு ஒரு தடவை மேலுரமாக வீசும் ஒரு மூட்டைக்குள் இருக்கிறது.

நாட்டுக் கணக்கும் இதே கையோடு போடலாம். இந்தியா ஆண்டுக்குச் சுமார் 350 லட்சம் டன் யூரியா போடுகிறது. அதற்கு வேண்டிய அம்மோனியா 2 கோடி டன். ஒரு டன்னுக்கு 10,000 யூனிட் என்று வைத்தால் 20,000 கோடி யூனிட். நாட்டின் மொத்த மின் உற்பத்தியில் இது பத்தில் ஒரு பங்குக்கு மேல். மேல்கோட்டைக்கு வடகிழக்கே தும்கூர் மாவட்டத்தில் பாவகடா சூரியப் பூங்கா இருக்கிறது. 2,050 மெகாவாட், சுமார் 13,000 ஏக்கர், உழவர்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்த நிலம். உலகின் பெரிய பூங்காக்களில் ஒன்று. அதன் ஆண்டு மின்சாரம் முழுவதையும் அம்மோனியாவாக்கினால் நாட்டின் யூரியாவில் இரண்டு சதவீதத்துக்குத்தான் வரும். முழுவதுக்கும் நாற்பது, ஐம்பது பாவகடாக்கள் வேண்டும். இது முடியாத காரியம் என்று நான் சொல்லவில்லை. நாடு ஆண்டுதோறும் கட்டிவரும் சூரிய மின்நிலையங்களின் வேகத்தைப் பார்த்தால் எட்டக்கூடியதுதான். ஆனால் அந்த நிலம் யாருடையது, குத்தகை யாருக்குப் போகிறது, அந்த மண்ணில் கூலி வேலை செய்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்காமல் கட்டக்கூடாது. பாவகடாவில் நிலம் வைத்திருந்தவருக்கு ஆண்டுதோறும் குத்தகை வருகிறது. நிலமில்லாதவருக்கு அந்த வழியில் ஒன்றும் வருவதில்லை.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. காவிரி என்றாலே நமக்கு நெஞ்சு பதறும், எனவே சொல்லிவிடுகிறேன். ஒரு மூட்டைக்கு வேண்டிய ஹைட்ரஜனைப் பிரிக்க, வேதியியல் கணக்கில் 42 லிட்டர் தண்ணீர் போதும். சுத்திகரிப்பில் கழியும் நீரும் குளிர்விக்கும் நீரும் சேர்த்தால் அது சில மடங்காகும். ஒரு ஏக்கர் நெல்லுக்குக் கால்வாயில் விடும் தண்ணீரோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஆலையை வறண்ட இடத்தில் வைத்தால் அந்த ஊரின் குடிநீர்க் கிணற்றில் அது தெரியும். கடற்கரையில் வைத்து, கடல்நீரைக் குடிநீராக்கிப் பயன்படுத்துவதே சரி.

சூரியன் மாலையில் மறைவது அடுத்த சிக்கல். நங்கலின் ஆறு இரவிலும் ஓடியது. அம்மோனியா உலை நினைத்தபோது அணைத்து, நினைத்தபோது மூட்டும் அடுப்பாக இருக்க முடியாது. வெப்பமும் அழுத்தமும் ஏறி இறங்கினால் வினையூக்கியும் குழாயும் சோர்ந்துபோகும். எனவே ஹைட்ரஜனைச் சேமிக்க வேண்டும், அல்லது மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும். பகலில் மேல் அணைக்குத் தண்ணீர் ஏற்றி இரவில் இறக்கும் நீரேற்று மின்நிலையங்கள் ஒரு வழி. ஆந்திராவில் காக்கிநாடாவில் பழைய நாகார்ஜுனா உர ஆலை இருந்த இடத்தில் ஏஎம் கிரீன் நிறுவனம் ஆண்டுக்கு 10 லட்சம் டன் பசுமை அம்மோனியா ஆலையைக் கட்ட முடிவெடுத்திருக்கிறது. சூரிய, காற்று மின்சாரத்தோடு நீரேற்றுச் சேமிப்பையும் சேர்த்து அதை நடத்துவது அவர்கள் திட்டம். கர்நாடகத்தில் சராவதி ஆற்றில் இதே வகையில் 2,000 மெகாவாட் திட்டம் பேசப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டுக்குள் வருவதால் எதிர்ப்பும் இருக்கிறது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். காட்டை அழித்துப் பசுமை செய்வதில் ஆலுவாவின் விறகுக் கதை திரும்ப வருகிறது.

பேச்சில் அடிக்கடி விட்டுப்போகும் ஒரு முடிச்சு உண்டு. யூரியாவுக்குள் கார்பன் இருக்கிறது. ஒரு டன் யூரியா செய்ய முக்கால் டன் அளவுக்குக் கரியமில வாயு வேண்டும். எரிவாயு ஆலையில் அது ஹைட்ரஜனோடு கூடவே பிரிந்து கையில் கிடைக்கிறது. அதை அம்மோனியாவோடு சேர்த்துத்தான் யூரியா செய்கிறார்கள். உலகில் யூரியா இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரித்தால் கூடவே கிடைப்பது ஆக்சிஜன், கரியமில வாயு அல்ல. ஆக, பசுமை அம்மோனியாவை வைத்து மட்டும் யூரியா செய்ய முடியாது. கரியமில வாயுவை வேறெங்கிருந்தோ கொண்டுவர வேண்டும். கொண்டுவந்து செய்தாலும், மண்ணில் போட்ட சில நாட்களில் அந்தக் கரியமில வாயு முழுவதும் காற்றுக்குத் திரும்பிவிடும். நங்கல் கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் செய்ததன் காரணம் இப்போது புரியும். மின்னாற்பகுப்பு ஆலைக்குப் பொருந்தும் உரங்கள் அம்மோனியம் சல்பேட், நைட்ரேட், டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) போன்றவை. நம் உழவரோ யூரியாவுக்குப் பழகியிருக்கிறார், அதைத்தான் மலிவாக விற்கிறோம்.

மலிவு என்றால் எவ்வளவு? மூட்டை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சும் சேர்த்து, 266 ரூபாய் சொச்சம். உண்மைச் செலவில் மீதியை அரசு தருகிறது. உக்ரைன் போரால் எரிவாயு விலை ஏறிய 2022-23-ல் மத்திய அரசின் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது. அந்த எரிவாயுவில் பெரும்பங்கு கப்பலில் வருவது. கத்தாரில் ஒரு குழாய் அடைத்தால் மண்டியாவின் கரும்புக்கு மேலுரம் தாமதமாகும் என்ற நிலையில் நாம் இருக்கிறோம். பசுமை அம்மோனியாவுக்கு ஆதரவாக நான் சொல்லும் முதல் வாதம் கரியமில வாயு அல்ல, இதுதான்.

விலையிலும் நல்ல செய்தி வந்திருக்கிறது. 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டம் ஒப்புதல் பெற்றது. அதன்கீழ், 13 உர ஆலைகளுக்கு ஆண்டுக்கு 7.24 லட்சம் டன் பசுமை அம்மோனியா வாங்க இந்திய சூரிய ஆற்றல் கழகம் 2025-ல் ஏலம் நடத்தியது. ஒடிசாவின் பாரதீப் ஆலைக்கான முதல் ஏலத்தில் கிலோ 55.75 ரூபாய்க்கு வந்தது. டன்னுக்கு 640 டாலர் அளவு. அப்போது இறக்குமதி அம்மோனியாவின் விலை சுமார் 515 டாலர். இடைவெளி இருக்கிறது, ஆனால் எட்டாத இடைவெளி அல்ல. 2022-ல் இறக்குமதி அம்மோனியா ஆயிரம் டாலரைத் தாண்டிப் போனதை நினைத்தால், பத்தாண்டுக்கு மாறாத விலை என்பதற்கே ஒரு மதிப்பு உண்டு. மூட்டைக் கணக்கில், அந்த ஏல விலையில் அம்மோனியாவுக்கு மட்டும் 1,450 ரூபாய் ஆகும். உழவர் தரும் 266 ரூபாயோடு அதை ஒப்பிட்டு அஞ்ச வேண்டாம். எரிவாயு யூரியாவின் உண்மைச் செலவும் அந்த 266-ஐப் போலப் பல மடங்குதான்.

நாடு ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் அம்மோனியாவை அப்படியே கப்பலில் இறக்குகிறது. பெரும்பாலும் டிஏபி, கலப்பு உரங்களுக்காக. அங்கே கார்பன் முடிச்சு இல்லை. தொட்டியில் வந்து நிற்கும் அம்மோனியா எங்கிருந்து வந்தால் என்ன? எனவே முதலில் மாற வேண்டியது இந்தப் பகுதி, ஏலமும் அதைத்தான் குறிவைத்தது. இது சரியான தொடக்கம் என்று தயங்காமல் சொல்கிறேன்.

தயக்கம் ஏற்றுமதியில். காக்கிநாடாவிலும் தூத்துக்குடியிலும் திட்டமிடப்படும் பெரிய ஆலைகளின் கண் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இருக்கிறது. அவர்கள் கப்பலுக்கும் மின்நிலையத்துக்கும் எரிபொருளாக அதை வாங்குவார்கள், நல்ல விலை தருவார்கள். நம் சூரியன், நம் நிலம், நம் கடற்கரை. ஆனால் நம் வயலுக்குக் கத்தார் எரிவாயு. பக்ரா மின்சாரத்தைப் பஞ்சாபின் மோட்டார்கள் எடுத்துக்கொண்டதிலாவது ஒரு நியாயம் இருந்தது, அது அந்த ஊர் உழவருக்கே போனது.

இனி வயலுக்கு வருவோம். மேல்கோட்டை இன்று மண்டியா மாவட்டம், பாண்டவபுரா வட்டம். 1939-ல் மண்டியா தனி மாவட்டமாகும் வரை மைசூர் மாவட்டம். ராமானுஜர் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கிய ஊர் என்றும், தமிழ் பேசும் மண்டயம் ஐயங்கார்களின் ஊர் என்றும், வைரமுடி சேவையின் ஊர் என்றும் நமக்குத் தெரியும். உழவைப் பார்க்க வருபவருக்கு அது வேறொன்றைக் காட்டும். மலையைச் சுற்றிய மேட்டு நிலத்தில் மானாவாரி ராகி. இடையிடையே ஒரு வரிசை அவரை, ஒரு வரிசை துவரை, ஓரத்தில் ஆமணக்கு. அக்கடி சாலு என்று கன்னட உழவர் சொல்லும் கலப்பு விதைப்பு இது. அவரையின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் கடுகளவு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. 400 டிகிரியும் இருநூறு மடங்கு அழுத்தமும் இல்லாமல், மண்ணின் குளிர்ச்சியிலேயே, பாக்டீரியாக்கள் காற்று நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் இடம் அதுதான். மலையிறங்கி விஸ்வேஸ்வரய்யா கால்வாய்ப் பாசனத்துக்குப் போனால் கரும்பும் நெல்லும். அங்கே மூட்டை மூட்டையாக யூரியா.

அந்தக் கால்வாய் வயலில் போடும் தழைச்சத்தில் பாதிக்குக் குறைவாகத்தான் பயிர் எடுத்துக்கொள்கிறது. மீதி ஆவியாகிறது, நீரோடு ஓடுகிறது, ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றுக்குப் போகிறது. அந்த வாயு கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். நைட்ரஜன் உரத்தால் வரும் மொத்தப் பசுங்குடில் வாயுக்களில் மூன்றில் இரண்டு பங்கு, உரம் வயலுக்குப் போன பிறகே வருகிறது என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஆலையில் எவ்வளவு பசுமை செய்தாலும் இந்த மூன்றில் இரண்டு பங்கைத் தொட முடியாது. வயலில் வீணாகும் ஒவ்வொரு மூட்டையும் 250 யூனிட் மின்சாரத்தை மண்ணில் கொட்டுவது. எனவே பசுமை அம்மோனியாவின் மலிவான பகுதி, செய்யாமல் விட்ட அம்மோனியா.

மேல்கோட்டையில் சுரேந்திர கௌலகி 1960-ல் தொடங்கிய ஜனபத சேவா டிரஸ்ட், கதரோடு இயற்கை வேளாண்மையையும் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறது. அவர்கள் வழியில் உண்மை இருக்கிறது. ஆனால் அதை ஒரே இரவில் நாட்டுச் சட்டமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கை சாட்சி. 2021-ல் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தினார்கள். நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலை சரிந்தது, மலையகத் தொழிலாளர் வரை அடி விழுந்தது. சில மாதங்களில் தடையைத் தளர்த்தினார்கள். மானாவாரி ராகிக்கு அவரை துணை நிற்கும். ஏக்கருக்கு ஐம்பது, அறுபது டன் எதிர்பார்க்கும் கரும்புக்கு அவரை மட்டும் போதாது. இரண்டு வகை நிலத்துக்கும் ஒரே விதி எழுதுவது தவறு. மேட்டு நிலத்துக்குப் பயறும் தொழுவுரமும் முதன்மை. கால்வாய் நிலத்தில் மண் பரிசோதனைப்படி அளவைக் குறைத்து, பிரித்துப் போட வேண்டும். அப்போதும் மிஞ்சும் தேவைக்குத்தான் அம்மோனியா ஆலை.

ஆபத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, இருட்டில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அந்த அம்மோனியா சூரிய மின்சாரத்தில் செய்ததாக இருந்திருந்தாலும் அவர்கள் மூச்சு அதேபோல்தான் திணறியிருக்கும். தூத்துக்குடியிலும் காக்கிநாடாவிலும் இன்னும் பெரிய தொட்டிகள் வரப்போகின்றன. மீனவர் குப்பத்துக்கும் தொட்டிக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர் என்பதை, முதலீட்டுத் தொகையை அறிவிக்கும் அதே மேடையில் அறிவிக்க வேண்டும்.

தமிழக, கர்நாடக அரசுகளிடம் கேட்பது இவ்வளவுதான். பசுமை அம்மோனியாவுக்கு நிலமும் கடற்கரையும் மின்கம்பியும் தரும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், உற்பத்தியில் ஒரு பங்கு உள்நாட்டு உர ஆலைக்கு என்று எழுதுங்கள். அந்த மின்சாரம் ஆலைக்கென்றே புதிதாகக் கட்டியதுதானா என்று மணிக்கணக்கில் சரிபாருங்கள். குத்தகையில் நிலமில்லாத கூலிக்காரருக்கும் பங்கு வையுங்கள். யூரியாவுக்கு மட்டும் சாய்ந்திருக்கும் மானியத்தை, மின்னாற்பகுப்பு ஆலையில் செய்யக்கூடிய மற்ற உரங்களுக்கும், அவரைக்கும் பசுந்தாளுக்கும் படிப்படியாகத் திருப்ப மத்திய அரசை வற்புறுத்துங்கள். தூத்துக்குடி ஒப்பந்தங்களின் நிபந்தனைகளை இப்போதே மக்கள் முன் வையுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகு அவற்றை மாற்ற முடியாது.